ஊமைக்கொல்லையில் காணாமல் போன கற்கள்

பயிற்சி முடித்து வந்திருக்கும் உங்களுக்கு அளப்பதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் சங்கிலி இழுத்துக் கற்றவள். நீங்கள் செயற்கைக்கோளைக் கேட்டு அளப்பவர்கள், என்னைவிட நன்றாகவே அளப்பீர்கள். நான் சொல்ல வந்தது என் வேலையில் நான் செய்த ஒரு பெரிய தப்பைப் பற்றி. அளவு எல்லாம் அன்று சரியாகத்தான் இருந்தது.

நில அளவைத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன். சொந்த ஊர் திருக்கோவிலூர். கடைசிக் காலம் முழுக்கக் கள்ளக்குறிச்சியில். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். பாகம் பிரிக்க அளக்கப் போன இடத்தில் அண்ணன் தம்பி அடித்துக்கொண்டால், நடுவில் புகுந்து இரண்டு பேரையும் திட்டி உட்கார வைத்துவிடுவேன். 'சர்வேயரம்மா வராங்க' என்றால் கூட்டத்தில் குரல் இறங்கும். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஓய்வு பெறச் சில வருஷங்கள் இருந்தபோது ஒரு வேலை கொடுத்தார்கள். பழைய கிராம வரைபடங்களில் இருக்கும் ஓடை, ஏரி, வாய்க்கால், சேற்றுநிலம் எல்லாவற்றையும் இன்றைய தரையில் தேடிப் பிடித்து ஒரே வரைபடமாகப் போட வேண்டும். எது அழிந்தது, எது திசை மாறியது, எது யாருடைய கொல்லைக்குள் போனது என்று தெரிய வேண்டும். எனக்கு வந்தது வடக்கனந்தலுக்கு அப்பால், கல்வராயன் மலையடிவாரத்தில் மூன்று கிராமங்கள். இந்த விஷயம் நடந்த கிராமத்தின் பெயர் வேண்டாம். ஆட்கள் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்கள்.

அதன் பழைய வரைபடம் துணியில் ஒட்டியது, மடித்த இடமெல்லாம் நைந்து போயிருந்தது. மலையிலிருந்து மூன்று ஓடைகள் இறங்கி வந்து ஒரு இடத்தில் சேர்கின்றன. அந்த இடத்தில் நீல மையை நீர்க்கக் கரைத்துப் பூசி, மேலே புல் முளைத்த மாதிரிச் சின்னச் சின்னக் கோடுகள் போட்டிருந்தார்கள். சேற்றுநிலம் என்று அர்த்தம். சரி, மூன்று ஓடை உள்ளே போனால் ஒரு ஓடையாவது வெளியே வர வேண்டும் இல்லையா? கோமுகி ஆறு கிட்டத்திலேயே ஓடுகிறது. ஆனால் வரைந்தவர் ஒன்றைக்கூட வெளியே விடவில்லை. சுற்றியிருக்கும் ஒவ்வொரு வரப்புக்கும் அளவு எழுதிய மனிதர், அந்த நீலத்துக்குள் ஒரு எண்கூட எழுதவில்லை. ஓரமாகவே சுற்றி வந்திருக்கிறார், உள்ளே கால் வைக்கவில்லை.

"மறந்துட்டாரு போல மேடம்," என்றார் ஏழுமலை. அவர் எங்கள் செயின்மேன். சங்கிலி பிடிப்பது, கல் நடுவது எல்லாம் அவர் வேலை. என் வயதுக்காரர், இருபது வருஷமாக என் திட்டை வாங்கிக்கொண்டே கூட வந்தவர்.

தரையில் போய்ப் பார்த்தால் சேறும் இல்லை, ஓடையும் இல்லை. கோடைக்காலம். காய்ந்து வெடித்த சமதரை, முழங்கால் உயரத்துக்குக் கோரை. சுற்றிலும் மரவள்ளியும் கரும்புமாக இருக்க, அந்த இடத்தை மட்டும் யாரும் உழவில்லை. ஊரில் அதற்கு ஊமைக்கொல்லை என்று பெயர். மழை பெய்து ஊரெல்லாம் தவளை கத்தும்போது அங்கே மட்டும் கத்தாதாம். எனக்குச் சிரிப்பு வந்தது.

உள்ளே போய் நின்றபோது சிரிப்பு வரவில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது, செருப்புக்கு அடியில் தரை சில்லென்று இருக்கிறது. வெட்டுக்கிளிச் சத்தம் வரப்போடு நின்றுவிட்டது. நாலடி தள்ளி நின்று ஏழுமலை பேசினால், யாரோ போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வரப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை, நானும் பின்னாலேயே போனேன்.

கருவியை நிறுத்தி மட்டம் பார்த்தேன். கருவியின் மட்டக்குமிழ் நடுவில் நின்றது, கருவி சாயாமல் நிற்கிறது என்று அர்த்தம். குனிந்து ஒரு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தால் விலகியிருந்தது. சரி செய்தேன், மறுபடியும் விலகியது. ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமாக. கருவி பழசு என்று திட்டினேன். ஏழுமலையின் கை பட்டிருக்கும் என்று அவரையும் திட்டினேன். அந்தக் குமிழ் மூன்று நாள் என்னிடம் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று நாளும் நான் அதை நடுவுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

சேற்றுநிலத்தின் கிழக்கு மூலையில் ஒரு எல்லைக் கல் இருப்பதாகப் பழைய வரைபடம் காட்டியது. தரையில் காணோம். அளந்து இடம் கண்டுபிடித்து, ஏழுமலை குழி தோண்டிப் புதுக் கல் நட்டார். நல்ல கருங்கல், இடுப்பு உயரம். பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. மறுநாள் காலை போனால் கல் இல்லை. சரி, ஊரில் எவனோ பிடுங்கிவிட்டான் என்று இன்னொன்று நட்டோம். அதற்கு மறுநாள் அதுவும் இல்லை.

எல்லைக் கல்லைப் பிடுங்குவது எங்கள் வேலையில் புதிதில்லை. வழக்கமாகப் பிடுங்கினால் குழி இருக்கும். இங்கே குழியும் இல்லை. தரை வழவழவென்று, மேலே லேசாகக் காய்ந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. 'குழியை மூடித் தடவிவிட்டுப் போயிருக்கிறான், கெட்டிக்காரன்' என்று நினைத்தேன்.

அன்று சாயந்தரம் அலுவலகத்தில் பழைய கல் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். எந்தக் கல் இருக்கிறது, எது காணோம் என்று ஒவ்வொரு தணிக்கையிலும் எழுதி வைக்கும் பதிவேடு அது. அந்த மூலைக் கல்லுக்கு நேராக ஒரு பக்கம் முழுக்க வேறு வேறு கையெழுத்துகள், வேறு வேறு மைகள், ஒரே வாக்கியம்: கல் காணவில்லை, அடுத்த நிலக்காரர் பிடுங்கியதாகத் தெரிகிறது. அடுத்த நிலக்காரர் என்ற இடத்தில் மேலே சில வரிகளில் ஒரு சவரிமுத்து. அதற்குக் கீழே அவர் மகன் அந்தோணி. இப்போது அந்த நிலம் அந்தோணியின் மகனிடம் இருந்தது. தாத்தாவின் பெயரையே வைத்திருந்தார்கள், சவரிமுத்து.

மூன்று தலைமுறை. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

இந்தச் சவரிமுத்து சங்கராபுரத்தில் ஒரு அரசு விடுதியில் சமையல்காரர். தினமும் வண்டியில் போய் வருவார். அரசு ஊழியர் மேல் போலீஸ் வழக்கு என்று வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முதலில் வேலையிலிருந்து நிறுத்தி வைப்பார்கள், விசாரணை எல்லாம் பிறகுதான். அவருக்கு ஓய்வுக்குக் கொஞ்ச காலம்தான் பாக்கி இருந்தது. எனக்கும் அப்படித்தான் என்பதால், எங்கே அடித்தால் வலிக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் புகார் எழுதினேன். அரசுக் கல்லைத் தொடர்ந்து பிடுங்குகிறார் என்று கையெழுத்துப் போட்டு, போலீசுக்கு அனுப்பச் சொல்லி மேலதிகாரி மேஜையில் வைத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் காலை பஸ் நிறுத்தத்து டீக்கடையில் அவர் வண்டியை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்தார். கடை நிறைய ஆட்கள்.

"இன்னாய்யா, இது பரம்பரைத் தொழிலா?" என்று கேட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நா புடுங்கல மேடம். அது போயிடுது."

"போயிடுதா? கால் மொளச்சுப் போவுதா?"

கடையில் சிரிப்பு. "கல்லுபுடுங்கி வூட்டு ஆளு வேற இன்னா சொல்லுவாரு," என்றது ஒரு குரல். அப்போதுதான் அந்தக் குடும்பத்துக்கு ஊரில் அதுதான் பெயர் என்று தெரிந்தது. அவர் வீட்டுக்குப் பெண் கொடுக்கிறவர்கள்கூட 'கல்லுபுடுங்கி வூடா' என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்களாம். நான் விடவில்லை. உங்கள் தாத்தா, உங்கள் அப்பா, இப்போது நீ, எல்லாரும் என் பதிவேட்டில் இருக்கிறீர்கள் என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். டீயைப் பாதியில் விட்டுவிட்டு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

சங்கராபுரம் போகவில்லை. நாங்கள் ஊமைக்கொல்லைக்குப் போனபோது, எங்களுக்கு முன்னால் வரப்பில் நின்றுகொண்டிருந்தார்.

"லீவு சொல்லிட்டேன் மேடம். ஒரே ஒரு பகல் எனக்குக் குடுங்க. உங்க ஆள வுட்டே கல்ல நடுங்க. நீங்க இந்தாண்ட உக்காருங்க, நா அந்தாண்ட உக்காந்துக்கினு இருக்கேன். என் கையி உங்க கண்ணு எதுர்லயே இருக்கட்டும். சாயந்தரம் வரைக்கும் கல்லு நின்னுதுன்னா நானே டேசனுக்கு வரேன்."

நான் ஒத்துக்கொண்டது நியாயத்துக்காக என்று நினைக்காதீர்கள். நாள் முழுக்க வெயிலில் உட்கார வைத்து, கடைசியில் கல்லைக் காட்டி மூக்கை உடைக்கலாம் என்றுதான் ஒத்துக்கொண்டேன்.

ஏழுமலை மூன்றாவது கல்லை நட்டார். வெளியே தெரியும் பகுதியில் சாக்பீஸால் விரற்கடைக்கு ஒரு கோடாகப் போட்டு வைத்தார். நானும் அவரும் இந்தப் பக்கம் வரப்பில், சவரிமுத்து எதிரே வரப்பில். நடுவில் கல்.

பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் தெரியவில்லை. கல் கல்லாகத்தான் நின்றது. தண்ணீர் குடிக்கத் திரும்பினேன், மறுபடி பார்த்தேன். ஒரு கோடு குறைந்த மாதிரி இருந்தது. கண் கூசுகிறது என்று நினைத்தேன். ஏழுமலையிடம் எண்ணச் சொன்னேன். அவர் எண்ணிவிட்டு இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு கோடு குறைந்திருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் வரப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. குழியின் ஓரத்தில் ஈரம் ஊறிக் கறுத்து, மண் கல்லை நெருங்கி வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு சத்தம் இல்லை. ஒரு குமிழி இல்லை. கல் சாயவும் இல்லை. நட்டது நட்டபடி, நேராக, உட்கார்ந்துகொண்டே போனது. எதிரே அந்த மனிதர் இரண்டு கையையும் முழங்கால் மேல் எனக்குத் தெரிகிற மாதிரி விரித்து வைத்திருந்தார். காலையிலிருந்து அந்தக் கைகளை அவர் எடுக்கவே இல்லை. அதைப் பார்க்க எனக்குக் கல்லைப் பார்ப்பதைவிடப் பயமாக இருந்தது.

வெயில் சாயும்போது கல்லின் தலை தரைமட்டத்துக்கு வந்தது. கடைசிச் சாக்பீஸ் கோடு ஒரு வெள்ளைக் கீறலாகத் தெரிந்தது. பிறகு அதன் மேல் சேறு கூடி மூடியது. மேலே ஒரு மெல்லிய ஈரம். கொஞ்ச நேரத்தில் மேல்காற்றில் அதுவும் காய ஆரம்பித்தது. தரை வழவழவென்று, ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. சவரிமுத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"மேடம், எந்திரிச்சிப் போயிடலாம்," என்றார் ஏழுமலை.

நான் போகவில்லை. காய்ந்த மேல்தோல் ஆளைத் தாங்கியது, இத்தனை நாள் அதன் மேல்தான் நடந்திருந்தோம். குழி தோண்டி அந்தத் தோலைக் கிழித்தது நாங்கள். சவரிமுத்து தன் மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு பழைய இரும்புக் குழாயைக் கொண்டுவந்தார். கல் போன இடத்தில் அவரும் ஏழுமலையும் குழாயைச் செங்குத்தாகப் பிடித்து விட்டார்கள். அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. ஒரு ஆள் உயரம் போனது, இரண்டு ஆள் உயரம் போனது, அப்புறம் 'டங்' என்று நின்றது. கொஞ்சம் தூக்கித் தள்ளி விட்டார்கள். மறுபடி 'டங்'. இன்னும் தள்ளி விட்டாலும் அதே சத்தம்.

குழாயின் மேல் வாயில் நான் காதை வைத்தேன். கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கோடையில், காய்ந்து வெடித்த தரைக்கு அடியில், ஓடை ஓடுகிற சத்தம். அதற்கு நடுவே கல்லும் கல்லும் மெதுவாக உரசிக்கொள்ளும் சத்தம். ஒன்றிரண்டு கல் இல்லை. பதிவேட்டில் அந்தப் பக்கத்தில் எத்தனை வரி இருந்ததோ அத்தனையும் அங்கே கிடந்தன என்று எனக்குத் தோன்றியது. வரைபடம் போட்ட அந்தப் பழைய மனிதர் எதையும் மறக்கவில்லை. ஓடை வெளியே வரவில்லை என்று பார்த்தார், வராததை வரையாமல் விட்டார்.

"இத முன்னாடி யார் கிட்டயும் சொல்லலியா நீ?" என்று கேட்டேன்.

"எங்கப்பாரு வந்தவங்க எல்லார் கிட்டயும் சொன்னாரு. யாரும் ஒரு பகல் உக்காரல. நாங்களா நோண்டிக் காட்டலாம்னா, கல்லு புடுங்கறான்னு சொல்லிடுவாங்க."

அந்த நேரத்தில் எனக்கு வந்த வெட்கத்தை மறைக்காமல் சொல்கிறேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. குழி இல்லாததை நானும் பார்த்தேன், கருவிக்கு அடியில் தரை இறங்கிக் குமிழ் விலகியதையும் பார்த்தேன். இரண்டுக்கும் நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன், பதிவேட்டைப் பார்த்ததும் அதையே உறுதி செய்துகொண்டேன். எனக்கு முன்னால் எழுதிய அத்தனை பேரும், அவரவருக்கு முன்னால் எழுதியவரைப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும்.

மறுநாள் புகாரைத் திரும்ப வாங்கப் போனேன். நல்ல வேளை, இன்னும் போலீசுக்குப் போகவில்லை. "கல்ல பூமி முழுங்கிடுச்சின்னு எழுதினா சிரிப்பாங்கம்மா. அப்படியே போவட்டும், கேஸ் தானா தள்ளுபடி ஆயிடும்," என்றார் மேலதிகாரி. தள்ளுபடி ஆகும்தான். அதற்குள் அந்த மனிதர் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருப்பார். புகார் தவறு, நான் சரியாகப் பார்க்காமல் எழுதினேன் என்று எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஒரு மெமோ வந்தது. வரட்டும்.

சவரிமுத்துவிடம் போய் இதைச் சொன்னேன். பதிவேட்டில் பழைய வரிகளை அடிக்க எனக்கு அதிகாரம் இல்லை, அடியில் உண்மையை எழுதிவிட்டேன் என்றேன். இன்னொன்றும் சொன்னேன். புது வரைபடத்தில் அந்தச் சேற்றுக்கு அவர் அப்பா பெயரையே போட்டுவிடுகிறேன் என்று. அது பெரிய மனசு என்று எனக்கு நினைப்பு.

"வேணாம் மேடம்," என்றார் உடனே. "எங்கப்பாரு பேர அங்க வெக்காதீங்க. அது முழுங்கிடும்."

பிறகு சொன்னார்: "பதிவேட்ட யாரு படிக்கப் போறா? டீக்கடையில நீங்க சொன்னத ஊரே கேட்டுச்சு. அங்கயே வந்து சொல்லுங்க."

மெமோ வாங்கியது சுலபம். டீக்கடைக்குப் போனதுதான் கஷ்டம். இரண்டு நாள் சாக்குச் சொல்லித் தள்ளிப் போட்டேன். மூன்றாம் நாள் காலை, அதே கூட்டம், அதே நேரம், போய் நின்றேன். இவர் கல்லைப் பிடுங்கவில்லை, இவர் அப்பாவும் பிடுங்கவில்லை, தாத்தாவும் பிடுங்கவில்லை, நானும் எனக்கு முன்னால் வந்த சர்வேயர்களும் எழுதியது அத்தனையும் பொய் என்று சொன்னேன். கல்லுபுடுங்கி வூடு என்று இனி யாரும் சொல்லக் கூடாது என்றும் சொன்னேன்.

"அப்ப கல்லெல்லாம் எங்க போச்சு மேடம்?" என்று கேட்டார் ஒருவர்.

"கீழதான் இருக்கு. நான் காதால கேட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. போய்ப் பார்க்கிறேன் என்றும் யாரும் சொல்லவில்லை. அன்றைக்குச் சிரித்த ஆள் ஒரு டீயை வாங்கிச் சவரிமுத்து கையில் கொடுத்தார். இந்தத் தடவை அவர் முழுக்கக் குடித்தார்.

புது வரைபடத்தில் அந்த இடத்தை நீலத்தில் விட்டேன். கல் குறி போடவில்லை. 'ஓடை தரைக்கு அடியில் ஓடுகிறது, இங்கே குழி தோண்டக் கூடாது' என்று எழுதினேன். பெயரும் போடவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு தடவை அந்தப் பக்கம் போனேன். எனக்கு ஒரு அரிப்பு, இன்னொரு தடவை அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று. சவரிமுத்துவும் ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தார். அதே குழாயைக் கொண்டுவந்தார். இறக்கினோம். இரண்டு ஆள் உயரம் போனது. எங்கும் தட்டவில்லை. இன்னொரு குழாயை மாட்டி இறக்கினோம், அதுவும் முழுக்கப் போனது. தள்ளித் தள்ளிப் பார்த்தோம். ஒரு இடத்திலும் கல் இல்லை. காதை வைத்தேன். தண்ணீர்ச் சத்தமும் இல்லை.

"கேக்குதுங்களா மேடம்?" என்றார்.

"இல்லப்பா."

அவர் குழாயை மெதுவாக மேலே இழுத்துத் துடைத்தார். "பரவால்ல வுடுங்க. நீங்கதான் அன்னிக்கே வந்து சொல்லிட்டீங்களே."

இரண்டு நாள் தள்ளிப் போட்டதை நினைத்துக்கொண்டேன். அப்படியே தள்ளிக்கொண்டே போயிருந்தால், அந்தக் குடும்பத்துக்காக எடுத்துக் காட்ட இன்று ஒரு கல்கூடக் கிடைத்திருக்காது. அவர்களிடம் இப்போது இருப்பது அன்று காலை டீக்கடையில் நான் சொன்ன அந்த நாலு வார்த்தைதான்.